பாசித் தொட்டி படுத்துவிட்டால்: எந்த அறிகுறிக்கு எதைப் பார்ப்பது

திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவி, நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் தார்ப்பாய்த் தொட்டியில் சுருள்பாசி (ஸ்பைருலினா) வளர்ப்பவர்கள், கல்லூரி ஆய்வுக்குக் குளோரெல்லா என்ற ஒற்றைச் செல் பச்சைப் பாசியை வைத்திருக்கும் மாணவர்கள், பிசானப் பருவ நெல்லுக்கு நீலப்பச்சைப் பாசி போடும் விவசாயிகள் என்று யார் கூப்பிட்டாலும் பேச்சு அநேகமாக ஒரே மாதிரிதான் தொடங்கும். "அண்ணாச்சி, தொட்டி மஞ்சளாயிட்டு. கொஞ்சம் யூரியா போட்டுரவா?"

வேண்டாம். இந்த வேலையில் நான் பார்த்தவரை, நோயால் செத்த தொட்டிகளைவிட அவசர வைத்தியத்தால் செத்த தொட்டிகள் அதிகம். என்ன குறை என்று தெரியும் வரை தொட்டியில் எதையும் ஊற்றாதீர்கள். எந்த மருந்தையும் முதலில் ஒரு லிட்டர் பாட்டிலில் சோதித்துவிட்டு, அது தேறினால் மட்டும் தொட்டிக்குப் போங்கள். கீழே உள்ள எல்லாமே இந்த ஒழுங்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

கையில் இருக்க வேண்டியவை

நீரின் அமில, காரத் தன்மையை அளக்கும் பிஎச் மீட்டர் ஒன்று, அதைச் சரிபார்க்க 7, 10 ஆகிய இரண்டு எண்களுக்கான பொடிப் பொட்டலம், ஒரு வெப்பமானி, 40 முதல் 50 மைக்ரான் வரையிலான வடிதுணி. ஒரு சென்டிமீட்டர் அளவுகோலின் அடியில் வெள்ளை மூடி ஒன்றை ஒட்டிக்கொள்ளுங்கள். தொட்டியில் அதை இறக்கும்போது எத்தனை சென்டிமீட்டரில் வெள்ளை மறைகிறது என்பதுதான் பாசியின் அடர்த்தி. இறால் பண்ணைக்காரர்கள் வைத்திருக்கும் உப்புமானி கிடைத்தால் நல்லது. நுண்ணோக்கி சொந்தமாக இல்லாவிட்டாலும், 100 மடங்கு முதல் 400 மடங்கு வரை பெரிதாக்கும் ஒன்று எந்தக் கல்லூரியில் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு நோட்டு. தொட்டி நன்றாக இருக்கும்போது பிஎச் என்ன, காலை வெப்பம் என்ன, உப்புமானி என்ன காட்டியது என்று எழுதி வைக்காதவருக்கு, கெட்டுப்போன பிறகு எடுக்கும் அளவால் ஒரு பயனும் இல்லை.

அறிகுறி 1: பச்சை போய் மஞ்சளாகிறது

*நட்டு இரண்டு மூன்று நாளில் மஞ்சளாகிறதா?*

அப்படியானால் உரக்குறை கிடையாது, வெயில்தான். புதிதாக விதைப்பாசி ஊற்றிய தொட்டி நீர்த்துப்போய் இருக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயில் அதன் அடி வரை பாய்ந்து நிறமிகளை எரித்துவிடும். வெள்ளை மூடி 5 சென்டிமீட்டருக்குக் கீழேயும் தெரிகிறது என்றால் தொட்டிமேல் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். இரண்டு மூன்று நாளில் நிறம் திரும்ப ஆரம்பிக்கும். திரும்பாவிட்டால் விதை போதவில்லை. இன்னும் கொஞ்சம் விதைப்பாசி சேருங்கள்.

*நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொட்டி வாரக்கணக்கில் மெல்ல வெளிறுகிறதா?*

இது பசி. எந்தச் சத்துக்கான பசி என்று கண்ணால் சொல்ல முடியாது. நான்கு பாட்டில்களில் தொட்டி நீரை ஒவ்வொரு லிட்டர் எடுங்கள்.

ஒன்றை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் சொட்டுநீர் உரக்கடையில் கிடைக்கும் 13-0-45, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், ஒரு கிராம் கரையுங்கள். மூன்றாவதில் 0-52-34 என்ற மணிச்சத்து (பாஸ்பேட்) உரம் ஒரு சிட்டிகை, ஏறக்குறைய 0.1 கிராம். நான்காவதில் இரும்பு. அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) ஒரு கிராமை ஒரு லிட்டர் நீரில் எலுமிச்சைச் சாறு விட்டுக் கரைத்து, அந்தக் கரைசலில் 10 மில்லி மட்டும் சேருங்கள். எலுமிச்சை எதற்கு என்றால், சுருள்பாசித் தொட்டியின் காரத்தில் இரும்பு துருவாகி அடியில் இறங்கிவிடும். புளிப்பு அதைக் கொஞ்ச நேரம் கரைசலிலேயே பிடித்து வைக்கும். நான்கையும் ஒரே நிழலில் வைத்து, நாளைக்கு நாலைந்து முறை குலுக்குங்கள்.

இரண்டு நாளில் எது பச்சையாகிறதோ அதுதான் குறை. பெரும்பாலும் நைட்ரஜன்தான் வரும், அடுத்து இரும்பு. எதுவுமே மாறவில்லை என்றால் குறை உரத்தில் இல்லை. வெப்பத்தையும் பிஎச்சையும் பாருங்கள். மதியம் இரண்டு மணிக்குத் தொட்டி நீர் 38 டிகிரியைத் தாண்டினால் சுருள்பாசி வளர்ச்சியை நிறுத்திவிடும், 40-ஐ ஒட்டினால் சேதம் தொடங்கும். கருப்புத் தார்ப்பாயும் 10 சென்டிமீட்டர் ஆழமும் சேர்ந்தால் பாளையங்கோட்டை வெயிலில் அதைத் தாண்ட வெகுநேரம் ஆகாது. ஆழத்தை 20 சென்டிமீட்டராக்கி நிழல்வலை போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

யூரியாவைப் பற்றி: அது மலிவு, வேலையும் செய்யும். ஆனால் சுருள்பாசித் தொட்டியின் பிஎச் 9.5-க்கு மேல் இருக்கும்போது யூரியாவிலிருந்து வரும் அம்மோனியா நச்சாகிவிடுகிறது. ஆயிரம் லிட்டருக்கு ஒரு நாளைக்கு 10 கிராம் என்ற அளவைத் தாண்டாதீர்கள். கைப்பிடிக் கணக்கு இங்கே ஆகாது.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது?* பாட்டில் சோதனையில் நான்கும் ஒரே மாதிரி வெளிறிக்கொண்டே போனால், வெப்பமும் பிஎச்சும் சரியாக இருந்தால், கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். உரக்கடைப் பொட்டலத்திலேயே கோளாறு இருக்கவும் வாய்ப்புண்டு.

அறிகுறி 2: தொட்டி பச்சையாக இருக்கிறது, ஆனால் துணியில் பாசி நிற்கவில்லை

இதைத்தான் நான் மிக அதிகமாகப் பார்க்கிறேன். பார்ப்பவர்கள் பெரும்பாலும் துணியைக் குறை சொல்வார்கள். துணியைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் வடிந்த நீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெள்ளைத்தாளுக்கு முன்னால் வையுங்கள்.

*வடிநீர் தெளிவாக, அல்லது இளமஞ்சளாக இருக்கிறது:* கலப்படம் இல்லை. பாசியின் அளவுதான் குறைவு. வெள்ளை மூடி 3 சென்டிமீட்டருக்குள் மறையும் வரை அறுவடையை நிறுத்துங்கள்.

*வடிநீர் நீலமாக இருக்கிறது:* செல்கள் உடைந்து உள்ளிருக்கும் நீல நிறமி கசிகிறது. பம்பின் சுழல்தட்டு பாசியை அரைக்கிறதா என்று பாருங்கள். நட்ட நடு மதியத்தில் அறுவடை செய்தாலும், பாசியை நல்ல தண்ணீரில் நெடுநேரம் ஊறவிட்டுக் கழுவினாலும் இது நடக்கும். விடியற்காலையில் எடுத்து, சட்டென்று அலசி, உடனே பிழியுங்கள்.

*வடிநீர் பச்சையாக இருக்கிறது:* வேறு பாசி புகுந்துவிட்டது. பெரும்பாலும் குளோரெல்லா மாதிரி ஒற்றைச் செல் பாசிதான். 10 மைக்ரானுக்கும் சிறியது, 40 மைக்ரான் துணியில் எப்படி நிற்கும்?

பச்சை வடிநீர் என்றால் காரணத்தை இப்படி இறங்கிப் பாருங்கள்.

முதலில் பிஎச் மீட்டரையே சரிபாருங்கள். 10-க்கான கரைசலில் அது 10 காட்டவில்லை என்றால், இத்தனை நாளும் நீங்கள் நம்பிய எண் பொய். சுருள்பாசித் தொட்டி 9.5-க்கும் 10.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். அந்தக் காரமும் உப்பும்தான் அதன் வேலி, மற்ற பாசிகள் பெரும்பாலானவை அதைத் தாண்டி உள்ளே வர முடியாது. பிஎச் 9-க்குக் கீழே இறங்கியிருந்தால் வேலி விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்து சமையல் சோடாவின் அளவு. சுருள்பாசி வளர்க்கும் முழு அளவுக் கரைசலில் லிட்டருக்கு 16.8 கிராம். செலவுக்கு அஞ்சிப் பாதி போட்டு நடத்துபவர்கள் உண்டு. நடக்கவும் செய்யும், ஆனால் அந்தத் தொட்டிக்கு மழையையோ கிணற்று நீர்க் கலப்பையோ தாங்கும் தெம்பு கிடையாது.

மூன்றாவது, விதைப்பாசியே கலப்படமாக வந்ததா? வாங்கிய பாட்டிலில் மிச்சம் இருந்தால் அதையும் நுண்ணோக்கியில் பாருங்கள்.

சரி, புகுந்துவிட்டது. எப்படி விரட்டுவது? கலக்குவதை இரவே நிறுத்திவிட்டு, விடிந்ததும் தொட்டியைப் பாருங்கள். சுருள்பாசிக்கு உள்ளேயே காற்றறைகள் உண்டு, ஆடாமல் விட்டால் மேலே மிதந்து அடை கட்டும். குளோரெல்லா அப்படி மிதக்காது. மேல் அடையை மட்டும் தட்டையான பாத்திரத்தால் வழித்தெடுத்துத் துணியில் ஊற்றி, புதிதாகக் கலக்கிய கரைசலை அதன்மேல் விட்டு அலசுங்கள். நல்ல தண்ணீரில் அலசாதீர்கள். இது விதை, செல் உடையக் கூடாது. அலசியதைச் சுத்தமான சிறு தொட்டியில், புதுக் கரைசலில், நிழலில் வையுங்கள். ஒரு வாரம் கழித்துத் திரும்பவும் இதே வேலை. இரண்டு மூன்று சுற்றில் வடிநீர் தெளிந்துவிடும். பழைய தொட்டியைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயப்போட்டு, அதன் பிறகே நிரப்ப வேண்டும்.

பழைய நீரை எங்கே விடுவது என்று பலர் யோசிப்பதில்லை. சோடா கலந்த அந்த நீரை வயலிலோ தென்னை மூட்டிலோ விடாதீர்கள். சோடியம் ஏறினால் மண் இறுகிவிடும். நிலத்துக்கு நல்லது செய்ய வந்த தொழில் நிலத்தைக் கெடுக்கலாமா? தார்ப்பாய் விரித்த ஒரு குழியில் விட்டு வற்றவையுங்கள்.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது?* நுண்ணோக்கியில் சுருள் இல்லாத நேரான இழைகள் தெரிந்தால் உடனே. சுருள்பாசியே சில சமயம் நேராகிவிடும், அதனால் பெரிய கெடுதி இல்லை. ஆனால் அது சுருள்பாசிதானா, நச்சு சுரக்கும் வேறு நீலப்பச்சைப் பாசியா என்று நாம் கண்ணால் தீர்ப்பு சொல்லக் கூடாது. குளத்து நீரையோ திறந்த கிணற்று நீரையோ பயன்படுத்துபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலோ பாளையங்கோட்டைக் கல்லூரிகளின் தாவரவியல் துறைகளிலோ பாசி தெரிந்தவர்களிடம் ஒரு பாட்டில் கொண்டுபோய்க் காட்டுங்கள். பதில் வரும் வரை அந்தத் தொட்டியிலிருந்து ஒரு கிராம்கூட மனிதருக்கோ கோழிக்கோ மாட்டுக்கோ போகக் கூடாது.

அறிகுறி 3: நேற்று பச்சை, இன்று தெளிந்த நீர்

இது குளோரெல்லாத் தொட்டியின் நோய். ஒரு டம்ளர் நீரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்.

*வெள்ளைப் புள்ளிகள் நீந்துகின்றன:* ரோட்டிஃபர். பாசியைத் தின்றே பெருகும் நுண்ணுயிர், தொட்டியை இரண்டு மூன்று நாளில் காலி செய்துவிடும். இதற்குப் பூச்சிமருந்து தேவையில்லை. 60 மைக்ரான் வலையில் தொட்டி முழுவதையும் வடியுங்கள். ரோட்டிஃபர் வலையில் நிற்கும், குளோரெல்லா கீழே போய்விடும். குஞ்சுகள் தப்பிவிடும், அடி மண்டியில் முட்டையும் இருக்கும் என்பதால் தொடர்ந்து சில நாட்கள் வடிக்க வேண்டும். மண்டியை உறிஞ்சி வெளியேற்றுங்கள். வலையில் நின்றதை வீணாக்க வேண்டாம், மீன் குஞ்சுக்கு அது அருமையான தீனி. தூத்துக்குடிப் பக்கத்துக் குஞ்சுப் பொரிப்பகங்களில் இதைத் தனியாகவே வளர்க்கிறார்கள்.

*புள்ளி எதுவும் இல்லை, அடியில் பச்சைப் படிவு:* பாசி சாகவில்லை, இறங்கிவிட்டது. காற்று மோட்டார் இரவில் நின்றதா, கரண்ட் போனதா என்று விசாரியுங்கள். மோட்டார் ஓடியும் இறங்கியிருந்தால் பிஎச்சைப் பாருங்கள். குளோரெல்லாத் தொட்டியில் பிஎச் 10-ஐத் தாண்டினால் நீரிலுள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் திரண்டு பாசியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அடியில் போகும். பிஎச்சைக் குறைத்துக் கலக்கினால் மீண்டும் எழும்பும்.

*புள்ளியும் இல்லை, படிவும் இல்லை, நீர் கலங்கி நாறுகிறது:* தொட்டி போய்விட்டது. காப்பாற்ற முயல வேண்டாம். பாக்டீரியாவோ பூஞ்சை வகையோ செல்லைத் துளைத்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டும். ஆய்வு மாணவராக இருந்தால் ஒரு மாதிரி எடுத்து வைத்துக்கொண்டு, தொட்டியைக் கழுவிக் காயவிடுங்கள். எப்போதும் ஒரு பாட்டில் தூய விதையைத் தொட்டிக்கு எட்டாத இடத்தில், ஜன்னல் வெளிச்சத்தில், தனியாக வைத்திருப்பவருக்கு இந்த நாளில் பெரிய நட்டமில்லை.

அறிகுறி 4: அடியில் வெள்ளைப் படிவு, சுவரில் வெள்ளைக் கறை

ராதாபுரம், வள்ளியூர் பக்கம் போர் தண்ணீரைப் பயன்படுத்துபவர்களுக்கு இது பழகிய காட்சி. படிவைக் காயவைத்து ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். பொங்கினால் சுண்ணாம்பு. கடின நீர் சோடாவைச் சந்தித்தால் இப்படித்தான் ஆகும். பாசிக்கு இதனால் நேரடிச் சாவு இல்லை, ஆனால் நீங்கள் போடும் பாஸ்பேட்டும் இரும்பும் அதோடு சேர்ந்து படிந்து வீணாகும். தீனி போட்டும் பாசி பசியில் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

மழைநீரைச் சேகரித்துப் பயன்படுத்துவது மலிவான வழி. இல்லையென்றால் போர் தண்ணீரைத் தனித் தொட்டியில் பிடித்து, சோடாவை அதில் முதலில் கரைத்து, ஒரு நாள் விட்டுத் தெளிந்த நீரை மட்டும் எடுத்து, அதன் பிறகு மற்ற உரங்களைச் சேருங்கள். தாமிரபரணிக் குடிநீர்க் குழாயிலிருந்து பிடிப்பவர்களுக்குச் சுண்ணாம்புத் தொல்லை குறைவு. குளோரின் மட்டும் போக வேண்டும், வாய் அகன்ற தொட்டியில் ஒரு நாள் வெயிலில் விட்டுக் கலக்குங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வாங்குவதெல்லாம் கடைசி. நீர்ப் பரிசோதனை அறிக்கை கையில் இல்லாமல் அதற்குப் பணம் கட்டாதீர்கள்.

அறிகுறி 5: மழைக்குப் பிறகு வளர்ச்சி நின்றுவிட்டது

ஐப்பசி, கார்த்திகையில் வரும் தொல்லை இது. மேற்கே மலையடிவாரத்தில் ஆனி, ஆடிச் சாரலிலும் வரும். கணக்கு எளிது. 20 சென்டிமீட்டர் ஆழத் தொட்டியில் 5 சென்டிமீட்டர் மழை விழுந்தால் உப்பு, சோடா எல்லாமே ஐந்தில் நாலு பங்காகிவிடும். லிட்டருக்கு 16.8 கிராம் இருந்த சோடா 13.4 ஆகும்.

தொட்டி வழிந்ததா, இல்லையா என்பதுதான் முதல் கேள்வி.

*வழியவில்லை:* எதுவும் தொலையவில்லை, நீர்த்திருக்கிறது. வெயில் வரப்போகிறது என்றால் உப்பைச் சேர்க்காமல் காத்திருங்கள். ராதாபுரத்துக் காற்றும் வெயிலும் சேர்ந்தால் நீர் தானாகவே இறங்கும். மழை தொடரும் போலத் தெரிந்தால், மிகுந்த நீரின் அளவுக்குப் பாசியை வடித்துத் தொட்டியிலேயே திருப்பிப் போட்டு, வடிநீரை மட்டும் வெளியேற்றி, பழைய ஆழத்துக்கு வந்த பிறகு ஆயிரம் லிட்டருக்கு 3.4 கிலோ சோடா சேருங்கள். ஒரே நாளில் கொட்டாமல் இரண்டு மூன்று நாளாகப் பிரித்துக் கரையுங்கள்.

*வழிந்தது:* எவ்வளவு போயிற்று என்று ஊகிக்க வேண்டாம். உப்புமானியில் அளந்து நோட்டிலுள்ள பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். குடிநீரில் கரைந்த உப்பைப் பார்க்கும் மலிவான டி.டி.எஸ். மீட்டர்தான் இருக்கிறது என்றால், தொட்டி நீர் அதன் எல்லையைத் தாண்டியிருக்கும். ஒரு பங்கு தொட்டி நீருக்கு ஒன்பது பங்கு ஆர்.ஓ. நீர் கலந்து அளந்து, பத்தால் பெருக்குங்கள். பழைய எண்ணில் பாதிக்கும் கீழே இருந்தால் சோடா போட்டுத் தேற்றுவதைவிட, பாசியை வடித்தெடுத்துச் சின்னத் தொட்டியில் முழு அளவுக் கரைசலில் வைப்பது சிக்கனம்.

2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையை இங்கே யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படி ஒரு மழைக்குத் திறந்த தொட்டியில் தற்காப்பு கிடையாது. வெள்ளநீர் கரை தாண்டி உள்ளே புகுந்த தொட்டியின் பாசியைத் தீனிக்கோ விதைக்கோ எடுக்காதீர்கள். சாக்கடையும் பூச்சிமருந்தும் கலந்திருக்கும். தொட்டியின் வாய்மட்டத்தைத் தரையிலிருந்து இரண்டடியாவது உயர்த்துவதும், வளைவாகப் பாலித்தீன் கூரை போடுவதும் ஐப்பசிக்கு முன்பே முடிய வேண்டிய வேலைகள். கூரைக்கு மேற்குப் பக்கம் தரமான கட்டு தேவை, ஆடிக்காற்று தளர்ந்த பாலித்தீனைக் கிழித்துவிடும்.

அறிகுறி 6: நுரை

காலையில் கொஞ்சம் நுரைத்து மதியத்துக்குள் உடைந்துபோனால் விட்டுவிடுங்கள். பிசுபிசுப்பாக, கையில் ஒட்டும்படி, நாள் முழுக்க நின்றால் செல்கள் உடைகின்றன. வெப்பத்தைப் பாருங்கள், அம்மோனியா வாடை அடிக்கிறதா என்று முகருங்கள், அறுவடை தள்ளிப்போய்ப் பாசி மிதமிஞ்சி அடர்ந்துவிட்டதா என்று வெள்ளை மூடியால் அளவெடுங்கள். நுரையை வழித்தெடுத்து, மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றி, நிழல் கட்டுங்கள். அழுகல் நாற்றம் வந்துவிட்டால் அந்தப் பாசி தீனிக்கு ஆகாது.

அறிகுறி 7: பிஎச் நகரவே இல்லை, அல்லது நிற்காமல் ஏறுகிறது

நல்ல வெயில் நாளில் பிஎச் காலையைவிட மாலையில் சற்று உயர்ந்திருக்க வேண்டும். பாசி கரியமில வாயுவை உண்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். நகரவில்லை என்றால் பாசி வேலை செய்யவில்லை, அறிகுறி 1-க்குப் போங்கள்.

சுருள்பாசித் தொட்டியில் 10.8-ஐத் தாண்டி ஏறினால் கரிச்சத்து தீர்ந்துவிட்டது. சமையல் சோடா சேர்ப்பது ஒரு வழி. சாண எரிவாயுக் கலன் பக்கத்தில் இருந்தால், அந்த வாயுவை எரித்த புகையை நீருக்குள் குமிழாக விடுபவர்களும் உண்டு. எரிக்காத வாயுவை அப்படியே தொட்டிக்குள் விடாதீர்கள். அதில் மீத்தேன் இருக்கிறது, மூடிய கூடாரத்தில் தீப்பிடிக்கும். இந்தக் குழாய் வேலைக்குக் கலன் கட்டிய ஆளையே கூப்பிடுங்கள்.

அறிகுறி 8: எண்ணெய் வரவில்லை

பாசியிலிருந்து டீசல் என்ற செய்தியைப் பார்த்துவிட்டுத் தொடங்கியவர்கள் கேட்பது. மாணவர்களுக்கும் இதே கேள்விதான், ஆனால் அவர்களுக்கு மதிப்பெண் போகும்.

*எந்தப் பாசி?* சுருள்பாசி என்றால் இத்தோடு நிறுத்துங்கள். அது புரதப்பாசி, உலர்ந்த எடையில் 55 முதல் 70 சதவீதம் புரதம். கொழுப்பு ஒற்றை இலக்கம்தான். எண்ணெய்க்குக் குளோரெல்லா மாதிரி வகைகள் வேண்டும்.

*குளோரெல்லாதான், செழிப்பாக வளர்கிறது, எண்ணெய் மட்டும் இல்லை:* செழிப்பாக வளர்வதுதான் காரணம். நைட்ரஜன் தட்டுப்பட்டால்தான் அது கொழுப்பைச் சேமிக்கும். முதல் கட்டத்தில் உரம் போட்டு அடர்த்தியாக்கி, அடுத்து நைட்ரஜன் இல்லாத நீருக்கு மாற்றி சில நாட்கள் பட்டினி போட வேண்டும். பட்டினியில் வளர்ச்சி நின்றுவிடும், ஆகவே இரண்டும் ஒரே சமயத்தில் கிடைக்காது.

*பட்டினி போட்டாயிற்று, இன்னும் போதவில்லை:* கணக்கைப் பாருங்கள். திறந்த தொட்டியில் லிட்டருக்கு அரை கிராம் உலர்பாசி என்றால் ஆயிரம் லிட்டரில் அரை கிலோ. அதில் 20 சதவீதம் எண்ணெய் என்றால் 100 கிராம். அவ்வளவுதான் அதில் இருக்கிறது. அதை எடுக்க ஆயிரம் லிட்டர் நீரைப் பிரித்து, காயவைக்க வேண்டும். அமெரிக்க எரிசக்தித் துறை 1978 முதல் 1996 வரை பாசி எரிபொருளுக்கென்றே ஒரு பெரிய ஆய்வுத் திட்டத்தை நடத்தியது. பாசி வளர்ந்தது, எண்ணெயும் வந்தது. விலைதான் கட்டுப்படியாகவில்லை. ஆகவே உங்கள் தொட்டியில் எண்ணெய் குறைவாக இருப்பது உங்கள் கைப்பிழை இல்லை. ஆய்வுக்கு இன்னும் இடமிருக்கிறது என்பதால்தான் இதை விடாமல் செய்ய வேண்டும்.

செக்கில் போட்டு ஆட்டிப் பார்க்காதீர்கள், வராது. ஹெக்சேன் போன்ற கரைப்பானை வீட்டிலோ கொட்டகையிலோ தொடாதீர்கள்; அது ஆய்வகத்தில், புகைபோக்கியின் கீழே செய்ய வேண்டிய வேலை. இந்த இடம் முழுக்கவே நிபுணருடையது.

வீட்டளவில் பாசியிலிருந்து எரிசக்தி வேண்டும் என்பவருக்கு நான் சொல்வது சாண எரிவாயுக் கலன். ஈரப்பாசியை அப்படியே போடலாம், காயவைக்கும் செலவு இல்லை. சுருள்பாசியின் மேலுறை மெல்லியது, எளிதில் செரிக்கும். குளோரெல்லாவின் உறை கெட்டி, மெதுவாகத்தான் செரிக்கும். பாசியில் நைட்ரஜன் அதிகம் என்பதால் தனியாகப் போட்டால் கலனில் அம்மோனியா ஏறி வாயு குறையும். சாணத்தோடும் நறுக்கிய வைக்கோலோடும் கொஞ்சமாகக் கலந்து போடுங்கள். வாயு குறைந்தால் பாசியை நிறுத்திச் சாணத்தை மட்டும் போட்டுவாருங்கள், தானே திரும்பும்.

அறிகுறி 9: நெல் வயலில் நீலப்பச்சைப் பாசி போட்டும் ஒன்றும் தெரியவில்லை

நெல் வயலின் நைட்ரஜனில் இந்தப் பாசிகளுக்குப் பங்கு உண்டு என்று பி.கே. டே 1939-லேயே எழுதிவிட்டார். ஹெக்டேருக்கு 20 முதல் 30 கிலோ வரை நைட்ரஜன் சேர்க்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆகவே வயலில் ஒன்றுமே தெரியவில்லை என்றால் எங்கோ தடை இருக்கிறது.

*தண்ணீர்:* நட்ட பத்தாம் நாள், ஹெக்டேருக்கு 10 கிலோ பாசிப்பொடியைத் தேங்கிய நீரில் தூவ வேண்டும். தூவியபின் சில நாட்களாவது நீர் நிற்க வேண்டும். கடைமடையில் முறைத்தண்ணீர் வரும் வயல்களில் இதுவே முதல் காரணம். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுபவர்கள், பாசி படர்ந்த பிறகு அந்த முறைக்குப் போகலாம்.

*யூரியா:* மேலுரமாக அள்ளிப்போட்டால் பாசி சும்மா இருந்துவிடும். கையருகே நைட்ரஜன் கிடைக்கும்போது காற்றிலிருந்து எடுக்க அதற்குத் தேவை இல்லை. பாசியை நம்பி யூரியாவை அடியோடு நிறுத்தவும் வேண்டாம். அளவைக் கொஞ்சம் குறைத்து, சின்ன வரப்புக்குள் ஒப்பிட்டுப் பாருங்கள்.

*மயில்துத்தம்:* நாற்றைச் சுற்றிப் பச்சை நூல்பாசி பின்னிக்கொண்டால் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) மூட்டையில் கட்டி வாய்மடையில் வைப்பது இங்கே வழக்கம். அது நூல்பாசியைக் கொல்லும்போது நீங்கள் காசு கொடுத்துத் தூவிய பாசியையும் கொன்றுவிடும். நூல்பாசியைக் கையால் வாரி வரப்பில் போடுங்கள். களைக்கொல்லி அடித்த வயலிலும் உடனே தூவாதீர்கள்.

*மணிச்சத்து:* சூப்பர் பாஸ்பேட் அடியுரமாகப் போடாத வயலில் பாசி பரவாது.

*பொடி:* தூவிய பொடியில் ஒரு கைப்பிடியை ஒரு தட்டு நீரில் போட்டு வெளிச்சத்தில் வையுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் நீலப்பச்சைப் படலம் கட்டவில்லை என்றால் பொடி செத்தது. மூட்டை பிரிக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை இது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பாசி படரவில்லை என்றால் மண்ணைப் பாருங்கள். அமில மண்ணில் இந்தப் பாசிகள் தங்காது. வயலின் நாலைந்து இடத்தில் மண் எடுத்துக் கலந்து, அரைக் கிலோவை வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். அறிக்கை வந்ததும் அதை எடுத்துக்கொண்டு அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கோ கிள்ளிகுளம் வேளாண் கல்லூரிக்கோ போனால், உங்கள் மண்ணுக்கு எந்தப் பாசி நிற்கும், சுண்ணாம்பு போட வேண்டுமா என்று சொல்வார்கள்.